படம் பார்க்கிற வேலையா அது?

இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று போடுகிறவர்களை எனக்கு அடையாளம் தெரியும், வகுப்பிலும் அப்படித்தான் இருந்தீர்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு சண்டை. என் தம்பி மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. எழுதி, மேற்படிப்புக்குக் கலந்தாய்வில் நிற்கிறாள். அணு மருத்துவம், அதாவது நியூக்ளியர் மெடிசின், எம்.டி. எடுக்கப்போகிறேன் என்றாள். உடனே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். "அது டாக்டர் வேலையாம்மா? இருட்டு ரூமில் உட்கார்ந்து படம் பார்க்கிற வேலை" என்றார் ஒரு பெரியவர். "மெஷினே எல்லாம் சொல்லிடும், இன்னும் அஞ்சு வருஷத்துல ஏ.ஐ. பார்த்துக்கும்" என்றான் பெங்களூரில் இருக்கும் ஒரு பேரன். "மூணு வருஷம் எதுக்கு, ஆறு மாச சர்டிஃபிகேட் போதாதா?" என்று இன்னொருவர். அந்தப் பெண் பதில் சொல்லாமல் ஒரு கும்பிடு மட்டும் போட்டாள்.

பதில் நான் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பது வருஷத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். ஆனால் ஒரு ஆளை ஒரு வேலைக்குத் தயார் செய்வது என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். இந்தத் துறையில் அரைகுறையாகத் தயாரானால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஆபரேஷன், கீமோ, கரண்ட் எல்லாம் முடிந்து இரண்டு வருஷம் நன்றாக இருந்தாள். அப்புறம் உடம்பு இளைத்தது, சோர்வு. டாக்டர் பெட் ஸ்கேன் எழுதினார். ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். பெயர் வேண்டாம். பாரத்தில் கையெழுத்து வாங்கினார்கள், ஊசி போட்டார்கள், ஒரு அறையில் படுக்க வைத்தார்கள், படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று முழுக்க ஒரு டாக்டரையும் அவள் பார்க்கவில்லை. டெக்னீஷியன் தம்பி மட்டும்தான் பேசினான், பாவம், நல்ல பையன். மறுநாள் மொபைலுக்கு ரிப்போர்ட் வந்தது. நெஞ்சுக்குள் இருக்கும் நெறிக்கட்டிகளில் நோய் பரவியிருக்கிறது என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தது. கையெழுத்து வேறு ஊரில் இருக்கும் டாக்டருடையது.

அன்று ராத்திரி என் தங்கை பீரோவைத் திறந்து நகைகளை எடுத்து, இது மூத்தவளுக்கு, இது சின்னவளுக்கு என்று மருமகள்களுக்குப் பிரித்து வைத்தாள். அவள் மகன் துபாயிலிருந்து டிக்கெட் போட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

அவளுக்கு வைத்தியம் பார்த்த புற்றுநோய் டாக்டர் நிதானமானவர். கீமோவை மறுபடி ஆரம்பிக்கும் முன்னால் இன்னொருவர் பார்க்கட்டும் என்று வேறு ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர். படத்தை கம்ப்யூட்டரில் போடும் முன்னால் என் தங்கையை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா? ராத்திரி வியர்க்கிறதா? வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா? ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழித்துப் படம் எடுத்தார்கள்? பழைய ஸ்கேன் எங்கே?

என் தங்கை வீட்டுக்காரருக்கு முந்தின வருஷம் டி.பி. வந்து மாத்திரை சாப்பிட்டு முடித்திருந்தார். அதை யாரும் எங்களைக் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்த டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்மா. கேன்சராவும் இருக்கலாம், டி.பி.யாவும் இருக்கலாம். படத்தை மட்டும் வச்சு நான் சொல்லக் கூடாது. சதை எடுத்துப் பார்க்கணும்." எடுத்துப் பார்த்தார்கள். டி.பி. ஆறு மாதம் மாத்திரை. என் தங்கை இந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டாள்.

முதல் ரிப்போர்ட் எழுதியவரை நான் திட்டவில்லை. அவர் பார்த்த படம் பொய் இல்லை. பெட் ஸ்கேனில் போடும் ஊசி சர்க்கரை மாதிரி ஒரு பொருள். அதில் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவை ஒட்ட வைத்திருப்பார்கள். உடம்பில் எந்த இடம் சர்க்கரையை வேகமாகச் சாப்பிடுகிறதோ அந்த இடம் படத்தில் ஒளிரும். புற்றுநோய்க் கட்டி வேகமாகச் சாப்பிடும். டி.பி. பிடித்த நெறிக்கட்டியும் சாப்பிடும். ஆபரேஷன் ஆறாத புண்ணும் சாப்பிடும். கொரோனா தடுப்பூசி போட்ட கைப்பக்கம் அக்குளில் இருக்கும் நெறிக்கட்டி கூட ஒளிர்ந்து உலகம் முழுக்க எத்தனையோ பேரைப் பயமுறுத்தியது. மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. அது "இங்கே ஒளிர்கிறது" என்று மட்டும் சொல்லும். ஏன் ஒளிர்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும். டி.பி. நிறைந்த நம் நாட்டில் அந்த ஆள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

அந்த ரிப்போர்ட்டில் எஸ்.யூ.வி. என்று ஒரு எண் போடுவார்கள். நம் ஆட்கள் அதை மார்க் ஷீட் மாதிரி வைத்துக்கொண்டு, போன தடவை 5, இந்தத் தடவை 8 என்று அழுவார்கள். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, ஊசி போட்டு எத்தனை நிமிஷம் கழித்துப் படம் எடுத்தார்கள், உடம்பு எடை என்ன என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். வேறு வேறு கேள்வித்தாளில் வாங்கிய மார்க்கை ஒப்பிடுகிற மாதிரிதான். இதைப் புரிந்து எழுதவும், நோயாளிக்குப் புரியும்படி சொல்லவும் படிப்பு வேண்டும்.

அடுத்து, "படம் பார்க்கிற வேலை" என்று சொன்ன பெரியவருக்கு. ஐயா, அந்த டாக்டர்கள் வைத்தியமும் செய்கிறார்கள். 1941-லேயே பாஸ்டன் நகரத்தில் சால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர் தைராய்டு நோயாளிக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்துப் பார்த்தார். இன்றைக்கும் தைராய்டு புற்றுநோய்க்கும், தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்கும் அயோடின்-131 கொடுக்கிறார்கள். இப்போது லுட்டீசியம்-177 என்ற மருந்தை புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். இதெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்குகிற மாத்திரை இல்லை. அயோடின்-131-இன் வீரியம் பாதியாகவே 8 நாள் ஆகும். கொடுத்த பிறகு நோயாளியின் உடம்பிலிருந்து, எச்சிலிலிருந்து, சிறுநீரிலிருந்து கதிர்வீச்சு வரும்.

இப்போது ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். கல்யாணமாகி நான்கு மாதமான பெண். தைராய்டுக்கு அயோடின் கொடுக்கப் போகிறார்கள். பக்கத்தில் மாமியார். "கர்ப்பமா இருக்கியாம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால் அந்தப் பெண் தலையைக் குனிந்து இல்லை என்பாள். பாரத்தில் "இல்லை" என்று டிக் விழும். வயிற்றில் பிள்ளை இருந்து, 10, 12 வாரத்தைத் தாண்டியிருந்தால், அந்தச் சிசுவின் தைராய்டும் அயோடினை இழுத்துக்கொள்ளும். அது பிறந்த பிறகு தைராய்டு இல்லாத குழந்தையாக வளர வேண்டிவரும். பெண்ணைத் தனியாக அழைத்து, நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று பக்குவமாகக் கேட்டு, அப்படியும் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் மருந்தைக் கையில் எடுக்க வேண்டும். எந்தப் பெண் எப்போது உண்மை பேசுவாள் என்பது இயற்பியல் புத்தகத்தில் இல்லை. மூத்தவர் கேட்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்க வேண்டும்.

மருந்து கொடுப்பதற்கு முன்னால் இரண்டு வாரம் அயோடின் உப்பு வேண்டாம், கடல் மீன் வேண்டாம் என்பார்கள். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத குடும்பத்துக்கு அதை எப்படிச் சொல்வது? சமீபத்தில் சாயம் ஏற்றி சி.டி. எடுத்தீர்களா என்று கேட்க வேண்டும். அந்தச் சாயத்தில் அயோடின் இருக்கிறது. அது உடம்பில் நிறைந்திருந்தால் கொடுக்கிற மருந்து ஒட்டாமல் வீணாகும். பால் கொடுக்கிற தாய் என்றால் அந்தக் குழந்தைக்கு அதோடு பால் நிறுத்தியாக வேண்டும். வீட்டுக்குப் போனபின் தனியாகப் படுக்க வேண்டும், குழந்தையை மடியில் வைக்கக் கூடாது, கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் படுக்கிற குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் அச்சடித்த தாளைக் கொடுத்தால் என்ன பயன்? "உங்க வீட்டுல எத்தனை ரூம்? கக்கூஸ் பொதுவா, தனியா? சின்னப் பிள்ளை இருக்கா?" என்று கேட்கத் தெரிந்தவர்தான் என் கணக்கில் டாக்டர்.

இப்போது என் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதும் ரெக்கார்டு நோட்டு உண்டு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எங்களில் பாதிப் பேர் மூத்த பேட்சிடம் நோட்டு வாங்கிப் பார்த்து எழுதினோம். அட்டை போட்டு, படம் ஒட்டி, அழகாக இருக்கும். மார்க்கும் வந்தது. ஆனால் எங்களை ஆசிரியர் ஆக்கியது அந்த நோட்டு இல்லை. கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில், எங்கள் பயிற்றுநர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். வகுப்பு முடிந்ததும் என்னிடம் சொன்னார்: "பாடம் நல்லா நடத்தின. மூணாவது வரிசையில ஒரு பொண்ணு காலையில இருந்து அழுதுட்டு இருந்துச்சு, பார்த்தியா?" நான் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் நான் ஆசிரியர் ஆக ஆரம்பித்தேன்.

அணு மருத்துவ எம்.டி.க்கும் நம் நாட்டில் பாடத்திட்டம் இருக்கிறது. "திறன் அடிப்படையிலான" பயிற்சி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். லாக் புக் இருக்கிறது, ஆய்வேடு இருக்கிறது, தேர்வு இருக்கிறது. காகிதத்தில் குறை இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பவர் யார்? "எலும்பு ஸ்கேன் இத்தனை, பெட் ஸ்கேன் இத்தனை" என்று எண்ணிக்கை போட்டுக் கையெழுத்து வாங்கினால் அது எங்கள் ரெக்கார்டு நோட்டு மாதிரிதான். அந்த மாணவர் நோயாளியோடு பேசியதை மூத்தவர் நின்று பார்த்தாரா? அவர் எழுதிய ரிப்போர்ட் சரியா தப்பா என்று, சதைப் பரிசோதனை முடிவு வந்த பிறகு, திரும்ப எடுத்துப் பார்த்தார்களா? தப்பாகப் போன ரிப்போர்ட்டை வெட்கப்படாமல் வகுப்பில் வைத்துப் பேசினார்களா? இவை நடந்தால் மட்டும்தான் அது பயிற்சி.

கதிர்வீச்சுப் பாதுகாப்பில் நம் நாடு கண்டிப்பாக இருக்கிறது. 1983-இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைத்தார்கள். தகுதியான டாக்டர், டெக்னாலஜிஸ்ட், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் இல்லாமல் உரிமம் கிடையாது. வேலை செய்பவர் நெஞ்சில் பேட்ஜ் குத்தியிருப்பார்கள், அவர் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார் என்று அதைக் கொண்டு கணக்குப் பார்ப்பார்கள். ரொம்ப நல்லது. கதிர் கசிகிறதா என்று அளக்க மீட்டர் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வியை டாக்டர் கேட்டாரா என்று அளக்க எந்த மீட்டர் இருக்கிறது? என் தங்கைக்கு அந்த சென்டரில் கதிர்வீச்சால் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. கேட்காத ஒரு கேள்வியால் நகையைப் பிரித்தாள்.

"ஆறு மாசம் போதாதா" என்றவருக்கு. இந்தப் பேச்சு இங்கே மட்டும் இல்லை. அமெரிக்காவில் இந்த மாதிரி கதிரியக்க மருந்துகளைக் கொடுக்க அனுமதி பெற ஒரு வழியில் 700 மணி நேரப் பயிற்சியும் அனுபவமும் கேட்கிறார்கள். அதில் 200 மணி நேரம் வகுப்பும் ஆய்வகமும். வாயால் சாப்பிடும் அயோடினுக்கு மட்டும் 80 மணி நேரத்தில் ஒரு குறுகிய வழி உண்டு. புது மருந்துகள் வர வர, அவற்றுக்கும் மணி நேரத்தைக் குறைக்கலாமே என்று அங்கே பல வருஷம் விவாதம் நடந்தது. குறைக்கச் சொன்னவர்கள் ஒரு நியாயம் சொன்னார்கள்: டாக்டர் கிடைக்காமல் நோயாளி காத்திருக்கிறார். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு ஸ்கேனுக்காக ராத்திரி பஸ் ஏறி வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஆள் குறைவு என்பதற்காகப் பயிற்சியைக் குறைத்தால், தூரத்து ஏழைக்குத்தான் அரைகுறை டாக்டர் போய்ச் சேருவார். பணம் உள்ளவர் முழுசாகப் படித்தவரைத் தேடிப் போவார். கிராமத்துப் பள்ளிக்கு ஓராசிரியர் போதும் என்றார்களே, அந்தக் கதைதான்.

மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர்வீச்சு மருத்துவ மையம் 1963-இல் ஆரம்பித்தது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தத் துறை நமக்குப் புதுசு இல்லை. அப்படியிருந்தும் பெரிய மெஷின் வந்தால் ரிப்பன் வெட்டுகிறோம், அதற்குக் கற்றுக்கொடுக்கும் பேராசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் யாரும் கேட்பதில்லை. இடம் அதிகமாக வேண்டும், கற்பிப்பவர்கள் அதிகமாக வேண்டும். வருஷத்தைக் குறைப்பது வழி இல்லை.

இன்னொரு யோசனை. இப்போது எம்.டி. மாணவர்கள் எல்லாரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும் என்று விதி. மாவட்ட மருத்துவமனையில் பெட் ஸ்கேன் இல்லையே, அங்கே அணு மருத்துவ மாணவருக்கு என்ன வேலை என்று சிலர் அலுத்துக்கொள்ளலாம். நான் சொல்கிறேன், அந்த மூன்று மாதத்தை டி.பி. பிரிவிலும், தைராய்டு பார்க்கும் புறநோயாளிப் பிரிவிலும் உட்கார வையுங்கள். ஒளிர்கிற நெறிக்கட்டிக்குப் பின்னால் இருக்கும் மனிதரை அங்கேதான் பார்ப்பார்கள்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட் ஸ்கேன் என்பது பெட்டும் சி.டி.யும் சேர்ந்த மெஷின். சி.டி. படத்தில் ரேடியாலஜி டாக்டர்களுக்குத் தேர்ச்சி அதிகம். "எங்கள் துறை, உங்கள் துறை" என்று சண்டை போடாமல் அணு மருத்துவ மாணவர் ரேடியாலஜியில் உட்கார்ந்து கற்க வேண்டும், அவர்களும் இங்கே வந்து கற்க வேண்டும். எந்தத் துறை டாக்டர் என்பது எனக்கு முக்கியம் இல்லை. முழுசாகக் கற்றவரா என்பதுதான் முக்கியம்.

ஏ.ஐ. என்று சொன்ன பேரனுக்கு: கண்ணா, அது வரட்டும். ஒளிர்கிற புள்ளியை என்னை விட, உன்னை விட வேகமாக அது எண்ணும். மாமியாரை வெளியே போகச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் கேள்வி கேட்கட்டும், அப்புறம் பேசுவோம்.

என் பிள்ளைகளே, நாளைக்கு உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஸ்கேன் எழுதினால், பயப்படாமல் இதைச் செய்யுங்கள்.

பழைய ஸ்கேன், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் பையில் எடுத்துப் போங்கள்.

சர்க்கரை வியாதி, டி.பி., சமீபத்து ஆபரேஷன், தடுப்பூசி, கர்ப்பம், தாய்ப்பால் எதுவானாலும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

"அணு மருத்துவ டாக்டர் இன்றைக்கு இங்கே இருக்கிறாரா? அவரிடம் இரண்டு நிமிஷம் பேசலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இது உங்கள் உரிமை.

ரிப்போர்ட் மொபைலில் வந்தால் கூகுளில் தேடி அழாதீர்கள். அனுப்பிய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

என் மாணவர்களில் டாக்டர்கள், நர்ஸ்கள், சுகாதாரத் துறை அலுவலர்கள் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் தப்பு இருந்தால் கமெண்ட்டில் திருத்துங்கள், நான் கோபப்பட மாட்டேன். ஆனால் "எங்க சென்டரில் டாக்டர் நோயாளியைப் பார்க்கத் தேவையில்லை டீச்சர்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். எழுதினால் கண்டிப்பாகக் கோபப்படுவேன்.

கடைசியாக என் தம்பி மகளுக்கு. உன் சின்ன அத்தைக்காகத்தான் நீ இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாய் என்று எனக்குத் தெரியும். நீ யாரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வருஷமும் முழுசாகப் படி. லாக் புக்கைக் காப்பி அடிக்காதே. முதல் நோயாளியை உட்கார வைத்து, "வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?" என்று நீ கேட்கும் நாளில் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்